அப்பாவும் ரோஸ் போகும் சொட்டும்

பூமி இன்னும் உருண்டையாக இருப்பதற்கு எங்கள் அப்பாதான் காரணம். அவர் ஒரு நாள் லீவு போட்டால் அது நசுங்கிய தகர டப்பா மாதிரி ஆகிவிடும். சூரியன்கூடக் காலையில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருகிறது. இதெல்லாம் நான் சொல்வது. அவரைக் கேட்டால், "நான் சேறு பாக்கறவன்டா" என்பதோடு முடித்துக்கொள்வார். பெண் பிள்ளையை 'டா' போடலாமா என்று கேட்காதீர்கள். பாசம் வந்தால் எனக்கு டா, கோபம் வந்தால் முழுப் பெயர்.

எண்ணெய் தேடி நிலத்தைத் துளைக்கும்போது குழிக்குள் சேறு கரைத்து விடுவார்கள். துளைக்கிற முனை சூடாகாமல் இருக்க, உடைந்த கல்லை மேலே அள்ளி வர, குழியின் சுவர் சரியாமல் தாங்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சேறுதான். அதற்கும் உடம்புக்கு வரும். காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான சுண்ணாம்புக் காரம்) குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு. அந்தச் சேற்றுக்கு டாக்டர் எங்கப்பா. கம்பெனி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தகர அறையில் உட்கார்ந்திருப்பார். சேற்றை வடிதாளில் வைத்து அழுத்தி, பிழிந்து வரும் தண்ணீரைக் கொஞ்சம் வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, ஒரு மருந்து விடுவார். அந்த மருந்தின் பெயரை எழுத எனக்குத் தெரிந்திருந்தால் பள்ளிக்கூடம் என்னை அவ்வளவு சீக்கிரம் வழியனுப்பி இருக்காது. தண்ணீர் ரோஸ் ஆகும். பிறகு அளவுக் குழாயிலிருந்து அமிலம், சொட்டுச் சொட்டாக. எந்தச் சொட்டில் ரோஸ் காணாமல் போகிறதோ அங்கே கை நிற்க வேண்டும். அமிலம் எவ்வளவு செலவானது என்பதை வைத்துக் காரத்தைக் கணக்குப் போடுவார்கள். வித்தை அவ்வளவுதான், ஆனால் அந்தக் கடைசிச் சொட்டுக்கு அப்பா மூச்சுகூட விடமாட்டார்.

சில மாதங்களுக்கு முன், வீட்டில் ஒரு கலவரம் பார்க்கலாமே என்று முன்முடிக்கு ரோஸ் சாயம் பூசிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். நிமிர்ந்து பார்த்தார். "தலையை வாருடா, காக்கா கூடு மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். அம்மா வந்து போட்ட கத்தலில்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. "ரோஸா? எங்க?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை என்று கவனித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அம்மா அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கண்புரை. சின்ன ஆபரேஷன்தான், ஒரு தேதி சொல்லுங்கள் என்றார்கள். அப்பா சொல்லவில்லை.

"கத்தி வழுக்கி, இருக்கறதும் போச்சுன்னா? அந்தச் சொட்டை அப்புறம் யாரு பாக்கறது?"

"இப்ப மட்டும் நீங்களா பாக்கறீங்க?" என்றாள் அம்மா.

அப்பா தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவள் சொன்னது உண்மை. ரோஸ் போவதற்கு முன்பே போய்விட்டதாக நினைத்து அவர் கையை நிறுத்திக்கொண்டிருந்தார். காரம் குறைவு என்று எழுதுவார். அதை நம்பிக் காரத்தைக் கொட்டுவார்கள். சேறு களியாகக் கெட்டிப்படும். நைட் ஷிப்டில் இதே வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் கணக்கோ வேறு மாதிரி வந்தது. கடைசியில் இன்ஜினியர் அக்கா வந்து, "அண்ணா, மாசக் கடைசியில ரெண்டு பேரும் ஒரே சேத்தைப் பாருங்க. பொருந்தலைன்னா நீங்க ஸ்டோருக்குப் போயிடுங்க. தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். ஸ்டோரில் மூட்டை எண்ண வேண்டும். அன்று வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி வாங்கினேன். அப்புறம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைக் கூப்பிட்டேன்.

"கண் ஆஸ்பத்திரியிலேருந்து நர்ஸ் பேசறேன் சார். வெள்ளிக்கிழமை உங்க பேரைப் போட்டாச்சு. வரலைன்னா பெரிய டாக்டர் கோவிச்சுக்குவாரு."

கூடவே ஏதேதோ அறிவுரை. வேஷம் கட்டிவிட்டால் எனக்கு வாய் நிற்காது. அப்பா "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை போயே விட்டார்!

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் சுவரையே பார்த்தார். "இதுக்கு எப்படா நீலம் அடிச்சீங்க?"

"அது எப்பவுமே நீலம்தான்பா."

"நான் பச்சைன்னுல்ல நினைச்சேன்!" அன்று முழுக்க வீட்டிலிருந்த ஒவ்வொரு சாமானையும் விலைக்கு வாங்க வந்தவர் மாதிரி தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

மாசக் கடைசி வந்தது. வேளாவேளைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார். தம்பி முதலில் பார்த்து, அளவைத் தாளில் எழுதி, மடித்து இன்ஜினியர் அக்காவிடம் கொடுத்துவிட்டார். அப்பா உட்கார்ந்தார். கிண்ணம் ரோஸ் ஆனது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. என் கண்ணுக்கு ரோஸ் போய்விட்டது. அப்பா நிறுத்தவில்லை. 'போதும்பா' என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். அவர் கிண்ணத்தை லேசாகச் சுழற்றிப் பார்த்தார். இன்னும் ஒரு சொட்டு விட்டார்.

"இப்பதான் போச்சு."

அக்கா தாளைப் பிரித்தார். இரண்டும் ஒன்றே. "சரிண்ணா, மூட்டை எண்ண நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"அப்பாடா," என்றார் தம்பி, "இனிமே சேறு கெட்டா என்னை மட்டும் திட்ட மாட்டாங்க."

மருந்து வேளை ஆகியிருந்தது. அப்பாவின் தலையை நிமிர்த்திப் பிடித்தேன். கூரையைப் பார்த்தபடியே, "அந்த நர்ஸம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லணும்டா" என்றார்.

"எந்த நர்ஸ்?"

"மூக்கடைச்ச நர்ஸ். வெள்ளிக்கிழமை வாங்கன்னு சொன்னதோட விட்டுச்சா? 'அந்த ஓட்டை பனியனைப் போட்டுட்டு வந்துடாதீங்க சார்'ன்னுச்சு. ஏன்டா, என் பனியன்ல ஓட்டை இருக்கறது ஆஸ்பத்திரி வரைக்குமா தெரிஞ்சிருக்கு?"

மருந்து அவர் மூக்கில் விழுந்தது.

"தெரிஞ்சேவா போனீங்க?"

"பின்ன? நீயே அவ்வளவு பயந்திருக்கியேன்னுதான் போனேன்," என்றார். "கண்ணு இங்க இருக்கு. கை நடுங்காம விடு."