நாற்பது என்று பொறித்த தகடு

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. தலைமுடியில் பாதி கனம் கூடியிருந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கிணத்துக்கடவில் லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சான், என் மனைவியின் அண்ணன், கடைந்து கொடுத்த ஷாப்டுகளையே ஒரு முறை திருப்பி அனுப்பியவன் நான். அதிலிருந்து அவர் வீட்டுக் காபியில் எனக்கு மட்டும் சர்க்கரை குறைகிறதோ என்று ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் பழைய பெட்ரோல் கார் அடிக்கடி மக்கர் செய்தது. வாங்கிக்கொள்ள ஆள் இருப்பதாக மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு மனசில்லை. நான் முதன்முதலில் வாங்கிய கார் அது. கணக்கு டீச்சரான என் மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை அண்ணன் ஊட்டுக்கு இதுலயே போலாம். நிக்காம போய்ச் சேந்தா வெச்சுக்கலாம். நின்னா குடுத்துப்போடலாமுங்க."

சனிக்கிழமை நாலு ஸ்பார்க் பிளக்கையும் நானே மாற்றினேன். பிளக்கின் நுனியில் தீப்பொறி தாண்டுவதற்கு ஒரு சின்ன இடைவெளி இருக்கும். வண்டிப் புத்தகம் அதை ஒரு மில்லிமீட்டர் என்றது. எங்கள் கம்பெனியிலோ மில்லிமீட்டரில் பேச்சே கிடையாது. அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டு, 'தவுசண்ட்' கணக்குத்தான். ஒரு மில்லிமீட்டர் என்றால் நாற்பது தவுசண்ட் என்று மனக்கணக்குப் போட்டு, வண்டி டூல்ஸ் பெட்டியில் கிடந்த, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 40 என்று பொறித்த தகட்டை உருவினேன். நாலு பிளக்கிலுமே தகடு தொளதொளவென்று ஆடியது. செய்து அனுப்பியவன் லட்சணத்தைப் பார் என்று வைதுகொண்டே, நாலையும் தட்டித் தட்டி இடைவெளியைக் குறைத்தேன். மனசுக்கு அவ்வளவு திருப்தி.

மறுநாள் கிளம்பும்போதே வண்டி உதறியது. "புது பிளக், பழகணும் அம்மணி" என்றேன். கிணத்துக்கடவு வருவதற்குள் இருமி இருமி நின்றேவிட்டது.

எஞ்சின் ஆறும்வரை சாலையோரம் இளநீர் குடித்தோம். அவள் வண்டிப் புத்தகத்தையும் கேஜையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இது மில்லிமீட்டர் கேஜுங்க. ஒரு மில்லிமீட்டரை நூறாப் பங்கிட்ட கணக்கு. நாப்பதுன்னா அரை மில்லிமீட்டர் கூட வரலீங்களே."

புத்தகமும் மில்லிமீட்டர், கேஜும் மில்லிமீட்டர். நடுவில் நான் ஒருத்தன்தான் தவுசண்ட்.

"நாலு பிள்ளைக ஒரே விடை எழுதி, நான் மட்டும் வேற விடை வெச்சிருந்தா, மொதல்ல என் விடையைத்தானுங்க திருப்பிப் பாப்பேன்" என்றாள், இளநீர் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே.

பிளக்குகளைக் கழற்றி, அவள் எடுத்துக் கொடுத்த தகட்டை வைத்து இடைவெளியைச் சரிசெய்தேன். வண்டி பூ மாதிரி ஓடியது.

வாசலிலேயே மச்சான் கேட்டார். "இத்தன நேரமாயிருச்சே மாப்பிள்ளை, வண்டி நின்னுபோச்சுங்களா?"

மனைவி என்னையே பார்த்தாள். வண்டி மேல் பழியைப் போட்டால் என் மானம் தப்பும், வண்டி கைவிட்டுப் போகும். அதுவும் இந்த மனிதரிடம் போய்ச் சொல்வதா என்று கூசியது. இருந்தும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

மச்சான் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அப்ப வண்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "அளவுல இப்படி முன்னப்பின்ன ஆகறது எல்லாத்துக்கும் உண்டானதுதானுங்க மாப்பிள்ளை" என்றார், சிரிக்காமல்.

சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன்.