குளிர்சாதனப் பெட்டி மூலையில் ஒரு கதவு

பழைய அடுப்படிக்குப் பதிலாகப் புதுக் குசினி கட்டச் சொல்லி, கனடாவிலிருந்து மகன் வரைபடம் அனுப்பியிருக்கிறான். அதிலுள்ள எழுத்தையெல்லாம் இன்று காலை நானே வாசித்தேன். அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கப் பழகியவனுக்கு அது திருவிழா.

"மின்சார அடுப்பு. குளிர்சாதனப் பெட்டி. மா அரைக்கும் இயந்திரம்."

சுவர் கட்ட வந்த மேசன் சிரித்தான். "ஐயா, கறண்ட் போய் ரெண்டு வருசம். உதுகளை எங்கை செருகப் போறியள்?"

என் மனைவி சிரிக்கவில்லை.

"தம்பி, அந்தப் பெட்டி வைக்கிற மூலையிலை ஒரு கதவு விடு. அதுக்கு வெளியிலைதான் நாங்கள் பதுங்கிற பங்கர். போன கிழமை பொம்பர் குண்டு போட வரேக்கை, முழங்கால் என்னை முற்றம் தாண்ட விடேல்லை. அடுப்படியிலையே இருந்திட்டன்."

அன்று எங்கள் பங்கருக்குள் நான் மட்டும்தான்; தான் பக்கத்து வீட்டுப் பங்கருக்குள் இருந்ததாக என்னிடம் சொன்னவள்.

நான் பென்சிலை வாங்கி, 'குளிர்சாதனப் பெட்டி'யை வெட்டிவிட்டு, 'கதவு' என்று எழுதினேன். மூன்று எழுத்தும் நேராக வந்தன.

மகனுக்கு இதை எப்படி எழுதுவது? வாசிகசாலை அறிவித்தல் பலகையில் இந்தத் தாளை ஒட்டுகிறேன். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதினால் நானே வாசிப்பேன்.