அடுப்பிலிருந்த பாலைப் பார்த்தவன்

வேலு செத்துப்போய்விட்டான்.

நேற்றுக் காலை நான் வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கடை முதலாளி போன் செய்தார். நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறான், ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயசு.

இதை நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்துவிட்டேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இப்போதும் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பி வந்து, கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடிதான் டைப் செய்கிறேன். ரெண்டு சிதம்பரம் பஸ்ஸை விட்டாச்சு.

வேலு யார் என்று கேட்பீர்கள். சிதம்பரத்தில் நான் பில் போடும் பைப் கடையில் மினி லாரி டிரைவர். பதினோரு வருஷப் பழக்கம். சொந்தமெல்லாம் இல்லை, ஆனாலும் அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான்.

உங்களுக்கும் அவனைத் தெரியும். மூணு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போடும் சினிமா பதிவுகளைப் படிக்கிறீர்கள் இல்லையா? அது அவன்.

ஆமாம். ஒண்ணுகூட என்னுடையது இல்லை.

சனிக்கிழமைதான் எங்களுக்கு லாங் டிரிப். குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம், கடைசியில் அவன் ஊரான சேத்தியாத்தோப்பு. சரக்கு சரிபார்க்க நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன்.

அந்த வாரம் பார்த்த படத்தைப் பற்றிப் பேச்சு வரும். நான் “நல்லாருந்துச்சி” என்பேன், இல்லை “மொக்கை” என்பேன். அதுக்கு மேல் எனக்கு வராது. சத்தியமாக வராது.

பிறகு அவன் ஆரம்பிப்பான்.

ஒரு படத்தில் மகனைப் பறிகொடுத்த அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழும் சீன். தியேட்டரே அழுதது. நானும் கர்ச்சீப் நனைய அழுதேன். உனக்கு அழுகை வரலையாடா என்று அவனைக் கேட்டேன்.

“அடுப்புல பால் இருந்துச்சி மச்சான். கீழ எரியுது, ஒருத்தனும் அணைக்கல. எங்க பொங்கிடப் போவுதோன்னு அதையே பாத்துகிட்டு இருந்தேன். நான் எங்க அழுவறது?”

மறுநாள் காலையில் ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டேன். நீங்கள்தான் ஷேர் செய்து தள்ளினீர்கள். எப்படி சார் இதெல்லாம் கவனிக்கிறீங்க என்று ஒருத்தர் கேட்டதுக்கு, “என்னமோ கண்ணு அங்கதான் போவுது” என்று பதில் போட்டேன். இன்னும் அந்தப் பதில் கீழே கிடக்கிறது.

ஊரே கொண்டாடின அந்தப் பழிவாங்கும் படத்தில் வில்லன் ஒருத்தன்தான் ஒழுங்காக வேலைக்குப் போகிறான் என்றது அவன். சோத்துக்கே வழியில்லாத ஹீரோ வீட்டு மாடியில் விலை கூடின மூணு லேயர் வாட்டர் டேங்க் எப்படி வந்தது என்று கேட்டது அவன். டேங்கை ஏற்றி இறக்குகிறவன் கண்ணுக்குத்தானே அது தெரியும்! பில் போடும் எனக்கே தெரியவில்லை.

போன வருஷம் கடலூரில் யூடியூப் சேனல் நடத்தும் பசங்க ரெண்டு பேர் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மாடிப்படியில் நின்றுகொண்டு வேலுவுக்குத்தான் போன் அடித்தேன், மச்சான் அந்தப் புதுப்படம் எப்படி என்று. குறிஞ்சிப்பாடியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். எதுக்கு அவசரமாகக் கேட்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. பைப்பைக் கீழே வைத்துவிட்டு வெயிலில் நின்று பத்து நிமிஷம் சொன்னான். நான் உள்ளே போய் அதை ஒப்பித்தேன்.

ஏன் அவன் பேரைச் சொல்லவில்லை? பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது. முதல் தடவை சும்மா விட்டுவிட்டேன். லைக் வந்தது. அப்புறம் சொன்னால் அசிங்கம் என்று தோன்றியது. அவனுக்கு பேஸ்புக் கிடையாது என்கிற தைரியம் வேறு.

நேற்று மத்தியானம் சேத்தியாத்தோப்பில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி செல்வி என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே எழுந்து வந்தாள்.

“ஞாயித்துக்கெழம ஆனா பாப்பா போன்ல உங்களுதத்தான் படிக்கச் சொல்லுவாருண்ணா. கேட்டுட்டு ஒரே சிரிப்பு. ‘நான் நெனச்சத அப்படியே மச்சானும் நெனச்சிருக்கான் பாரு. நீதான் நான் உளர்றேங்கிற’ன்னு சொல்லுவாரு. அவ்ளோ பெரும அவருக்கு.”

அப்படியே நினைத்திருக்கிறேனாம்...

தெரியாமல் சொன்னானா? இல்லை, தெரிந்தே பெண்டாட்டி பிள்ளை முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னானா? நேற்றிலிருந்து மண்டைக்குள் இதேதான் ஓடுகிறது. தெரியாமல் இருக்காது என்கிறேன். அடுத்த நிமிஷம், அவன் அப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை என்கிறேன்.

அங்கேயே செல்வியிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். “தண்ணி குடிச்சியாம்மா” என்றுதான் வந்தது. தூக்குகிற வரைக்கும் பந்தலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

மூணாவது பஸ்ஸும் போய்விட்டது.

பாப்பா, இது உன் கண்ணில் படும். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படி. இத்தனை நாள் நீ படித்துக் காட்டினது எல்லாம் உங்க அப்பா சொன்னது. நான் அவனை மாதிரி நினைக்கவில்லை. எனக்கு அப்படியெல்லாம் நினைக்கத் தெரியாது.

வேலு, உன் பேரைப் போட்டு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போய்ட்டு வா மச்சான்.