மல்லாட்டைக் கேமராவும் என் ஃபயர்வாலும்

என்னைத் தேர்ந்தெடுத்த சென்னைக் கம்பெனி கடைசியில் ஒரு நிபந்தனை போட்டது. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை. அதனால் என் வீட்டு இணைய இணைப்பை வெளியிலிருந்து சோதிப்பார்கள். எங்காவது ஒரு வழி திறந்திருந்தால் வேலை கிடையாது. குழந்தை பிறந்தபின் எனக்கு வந்த முதல் வேலை அது. விடுவேனா?

சோதனையில் தோற்றேன். ரவுட்டரின் ஃபயர்வாலில் ஒரு வழி அகலத் திறந்து கிடக்கிறதாம். அடைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்கள்.

துழாவிப் பார்த்தால், எல்லாம் அந்தக் கேமராவால் வந்தது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் களத்தில் மாமனாரின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயும். விழுப்புரத்தில் மூத்த மகன் வீட்டில் இருக்கும் அவர், அதைப் போனில் பார்க்க வேண்டும் என்று பொருத்தியது. பாஸ்வேர்டைக்கூட யாரும் மாற்றவில்லை. பொருத்தியவருக்குப் போன் போட்டேன்.

"அது தொறந்திருந்தாத்தான் மேடம் போன்ல தெரியும். எல்லா வீட்லயும் அப்பிடித்தான் போடுறோம். சார் இருந்தா குடுங்க, அவருகிட்ட சொல்லிக்கிறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் வீட்டு ரவுட்டர் என்ன நிறம் என்று கேட்டாலே சார் யோசித்துத்தான் சொல்வார். நானே உட்கார்ந்து அந்த வழியை அடைத்தேன். அடைத்த கையோடு மாமனாரின் போன் வந்தது.

"ஏம்மா, மல்லாட்டையே தெரியல. ஆடு பூந்து தின்னுக்கினு இருந்தா? ஜல்தியா சரி பண்ணும்மா."

"கொஞ்சம் பொறுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

ஒரு கையில் குச்சியுடன் ஆடு விரட்டிக்கொண்டே, மறுகையில் போனை வைத்துப் படித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். என் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பிலிருந்து கேமராவைப் பிரித்துத் தனியாக வைத்தேன். மாமனாரின் போனுக்கு மட்டும் திறக்கும்படி ஒரு பூட்டிய பாதை அமைத்தேன். மல்லாட்டை மறுபடி விழுப்புரத்தில் தெரிந்தது.

கம்பெனி திரும்பவும் சோதித்தது. எங்கும் ஓட்டை இல்லை. வேலை எனக்குத்தான்! களத்திலேயே ஒரு ஆட்டம் போட்டேன். மாமனார் பார்த்திருப்பார், பார்க்கட்டும்.

அன்று சாயங்காலம் கேமராக்காரர் அக்கறையாகக் கூப்பிட்டார்.

"மேடம், உங்க கேமரா ரிப்பேரா? என் போன்ல வர மாட்டேங்குது."

அவர் போனிலா? அந்தக் களத்தில்தான் நான் துணி காயப்போடுவேன், தலை துவட்டுவேன்.

"உங்க போன்லயும் தெரியுமா?"

"எல்லாக் கஸ்டமர் வீடும் தெரியும் மேடம். சர்வீஸுக்குத்தான்."

"கேமரா நல்லாத்தான் இருக்குதுண்ணா," என்றேன். "உங்களுக்குத்தான் வராது. இனிமே எப்பவும் வராது."