கறுப்பு ஒயர்

வாங்க வேண்டிய சாமான்களை நோட்டில் குறிப்பதைத் தவிர வேறு எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தோடு நின்ற எலக்ட்ரீஷியன் இதை எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொல்லவில்லை. அதனால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் பிரேசர் டவுனில் ஒரு வீட்டு வாசலில் பழைய அமெரிக்க வேன் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அதை வாங்கியவர் ரிட்டயரான ஒரு சார். அவர் மனைவிக்குப் பக்கவாதத்தில் ஒரு கால் விளங்காமல் போயிருந்தது. ரயில் கக்கூஸில் உட்கார முடியாது. வேளாங்கண்ணிக்கு வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டு மூன்று வருஷம். இந்தக் கொடியேற்றத்துக்கு வேனிலேயே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

வேனில் விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் பன்னிரண்டு வோல்ட். வீட்டுக் கரண்டை அதற்கு மாற்றி, பேட்டரியையும் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதன் காலம் முடிந்துவிட்டது. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரிக் கடையில் சொல்லிச் செய்த புதுப் பெட்டியோடு, அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் போனேன்.

பழையதைக் கழற்றியதும் இரண்டு தடி ஒயர்கள் கையில் வந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. நம் ஊர் வண்டிகளில் கறுப்பு என்றால் மைனஸ். யோசிக்காமல் மைனஸில் முறுக்கினேன்.

எதிர் ஸீட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, "தம்பி, கறுப்பு அந்தப் பக்கம் இருந்த மாதிரி இருந்துச்சே?" என்றார்.

சார் சிரித்தார். "சாம்பார்ல உப்பு போட மறக்கறவ, ஒயருக்கு வழி சொல்றா."

"ஒரு நாள் மறந்ததை முப்பது வருஷமா சொல்லுங்க."

"இல்லம்மா, இப்படித்தான்" என்றேன். வெள்ளை ஒயர் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறதா, அதாவது அதுதான் மைனஸா என்று மீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். எடுத்தால் எனக்கே சந்தேகம் என்று நினைப்பார்களோ என்று எடுக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டேன். அடுப்புப் புகையை வெளியே இழுக்க வேண்டிய கூரை ஃபேன் தலைகீழாகச் சுற்றி, காற்றை உள்ளே தள்ளியது.

"ஜில்லுனு வருது தம்பி" என்று அந்த அம்மா முகத்தைக் காட்டினார்.

இந்த அமெரிக்க வண்டியில் கறுப்புதான் பிளஸ், இப்படியே பேட்டரியை மாட்டினால் ஷார்ட் ஆகும் என்று புரிந்தது. அதற்குள் சார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். "மாட்டட்டுமா?" என்று அங்கிருந்து கேட்டார். நில்லுங்கள் என்று நான் கத்தவில்லை.

பட்டென்று சத்தம். புதுப் பெட்டியில் ஃபியூஸ் கிடையாது. கறுப்பு ஒயர் பலகைச் சுவருக்குள் எங்கெங்கோ புகைந்தது. சார் பேட்டரியைப் பிடுங்கினார். நான் அந்த அம்மாவைத் தூக்கி வெளியே இறக்கினேன்.

"சுவரைப் பிரிச்சு எல்லா ஒயரையும் மாத்தணும். பத்து நாள் ஆகும்" என்றேன்.

"கொடி ஏறிடும்" என்றார் அந்த அம்மா.

"பழைய வண்டி, ஒயரெல்லாம் மக்கிப் போயிருக்கும். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் சார்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஒயரைப் பற்றிப் பேசவில்லை.

"ஆமாம் சார், பழைய ஒயர்" என்றேன்.

மறுநாள் அவர்கள் போகவில்லை. நான் மர்பி டவுனில் ஒரு வீட்டுக்கு ட்யூப் லைட் மாட்டப் போனேன்.