கத்திரிக்கு நான் விட்ட தண்ணீர்

மாலத்தீவில் தோட்ட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய சித்தப்பா, எனக்கு மிட்டாயும் அப்பாவுக்குத் தலைவலியும் கொண்டுவந்தார். மிட்டாய் பெட்டியில் வந்தது. தலைவலியை அருப்புக்கோட்டையில் வாங்கினார். கறுப்பு டியூப்பாகச் சுருள் சுருளாக லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது.

அந்தத் தீவுக்கு அரிசி முதல் தக்காளி வரை கப்பலில்தான் வருமாம். கப்பல் தாமதித்தால் குழம்பில் காய் இருக்காதாம். அதனால் கிடைக்கிற கொஞ்ச நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தோட்டங்களைப் பெருக்குகிறார்களாம்.

"சுத்திக் கடல் இருக்கே சித்தப்பா, பெறகு எதுக்குச் சொட்டு?"

"அது உப்புத் தண்ணி தாயி. செடி வாயில வைக்குமா?"

செடிக்கு வாய் எங்கே என்று ஒரு வாரம் தேடினேன்.

பரளச்சிப் பக்கம் எங்கள் நிலம். மழை பெய்தால் கொத்தமல்லி, சோளம், பெய்யாவிட்டால் பேச்சுதான். போர்க்கிணறும் ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கிவிடும். அந்தத் தண்ணீரிலேயே அரை ஏக்கர் கத்திரி எடுத்துக் காட்டுகிறேன் என்றார் சித்தப்பா. தண்ணீர் பாய்ச்சுவது என்றால் எங்கள் ஊரில் மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டிவிட்டுக் கணுக்கால் முங்க நிற்பது. ஊசி ஓட்டைகளில் சொட்டுகிற டியூப்பைப் பார்த்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"எச்சிக் கையால காக்கா ஓட்டாதவன் தண்ணி விட்ட மாதிரில்ல இருக்கு! ஏலே, இது காச்சா நீ இங்கயே இரு. கருகுச்சுன்னா மறுபடி தீவுக்கே கெளம்பிரு."

அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. என் கேள்விகளுக்குக் குட்டு வைக்காமல் பதில் சொல்கிற ஒரே ஆள் அந்த வீட்டில் சித்தப்பாதான்.

நாற்று நட்டு டியூப்பை விரித்ததும், மண்ணில் படுத்துக் கவனித்தேன். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் பத்து வரை எண்ண முடிந்தது. ஐயோ பாவம், நாற்றுகளுக்குத் தவிக்காதா? பாவாடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மோட்டாருக்குப் பக்கத்து வரிசைகளில் ஒவ்வொரு ஓட்டையாகக் குடைந்து பெரிதாக்கினேன். பாதிக்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊக்கு எங்கோ விழுந்துவிட, பாவாடையை முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பத்து நாளில் என் வரிசைகள் தளதளவென்று நின்றன. கடைசி வரிசைகளுக்குச் சொட்டே போய்ச் சேராமல் நாற்றெல்லாம் கருகிவிட்டது. நான் கைவைத்தவையாவது பிழைத்தனவே என்று எனக்கு ஒரே பெருமை. சித்தப்பா டியூப்பைத் தடவிக்கொண்டே வந்தார். குனிந்து மண்ணிலிருந்து எதையோ எடுத்தார். என் பாவாடை முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னலே ஆச்சு?" என்றார் அப்பா.

"என் கணக்குத் தப்பிப் போச்சுண்ணே. போருக்கு அம்புட்டுத் தெம்பு இல்ல."

அடுத்த மாதமே பெட்டியைக் கட்டினார். டவுன் பஸ் ஏறும்போது, அழுதுகொண்டிருந்த என் கையைப் பிரித்து ஊக்கை வைத்தார்.

"பாவாட அவுந்துரும் தாயி, குத்திக்க. வாரேன்."

தொலைந்த ஊக்கு கிடைத்துவிட்டதே என்று எனக்கு அழுகைகூட நின்றுபோனது. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற நான், அது எங்கே கிடைத்தது என்று மட்டும் சித்தப்பாவிடம் கேட்கவில்லை.