அவிழக் கூடாதென்று நான் போட்ட முடிச்சு

ஒரு மனிதன் கடலில் செத்ததற்கு நான் காரணம். பழியையும் அந்தச் செத்தவன் மேலேயே போட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் சரி.

நான் யார் என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரி கிளீனராகப் புறப்பட்டு, சொந்தமாக ஆறு லாரிகளுக்குப் பாடி கட்டியவன். ஆடுகூட மேயாத கரட்டுக் காட்டில் கோழிப்பண்ணை கட்டியவன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் பந்துக்களில் முதல் மாடி வீடு கட்டியவன். 'இவனெல்லாம் உருப்படுவானா?' என்று சிரித்த வாய்களை வரிசையாக உட்கார வைத்துப் பந்தி போட்டவன்!

அந்தக் கையால்தான் அந்தக் கயிற்றையும் கட்டினேன்.

என் பண்ணை முட்டை, தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் போகும். பாயும் உண்டு, இஞ்சினும் உண்டு. இரண்டு தடவை, 'காற்று மாறிவிட்டது, மேல்தளத்துச் சரக்கைக் கடலில் தள்ளிவிட்டோம்' என்று சேதி வந்தது. நான் நம்பவில்லை. என்னையா ஏமாற்றுவது? மூன்றாம் தடவை, தோணியை நடத்தும் தண்டலிடம் வம்படியாகப் பேசி நானும் ஏறிக்கொண்டேன்.

மேல்தளத்துச் சரக்கைக் கட்டுவது சூசையின் வேலை. நாற்பது வயதிருக்கும். அவன் கட்டியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனுங்க சூசை, எங்கூர்ல இப்படி லோடு கட்டுனா கிளீனர் வேலைக்குக்கூட வெக்க மாட்டோமுங்க."

"ஒரே இழுப்புல அவிழணும் அண்ணாச்சி. காத்து சாடுச்சுன்னா மொதல்ல ஒங்க முட்டை கடலுக்கு. பொறவுதான் நாம."

"அதெப்படிங்க அவுந்துக்கற மாதிரி கட்டறது?"

"ஒங்க லாரி முங்காதுல்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து... என் லாரியைச் சொல்லி!

முதல் நாள் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் மூன்று முறை காற்று திசை மாறிற்று. பாயை விரித்தார்கள், சுருட்டினார்கள், மறுபடி விரித்தார்கள்.

"மழை வருமுங்களா?" என்று தண்டலிடம் கேட்டேன்.

"போன்ல வராதுன்னு போட்டிருக்கு. வானம் வரும்ங்குது. நான் வானத்துக்குத்தான் வேலக்காரன்."

எங்கள் ஊரில் கொல்லிமலை உச்சி கருத்தால் காயப்போட்டதை எடுத்து வைக்க நேரமிருக்கும். கடலில் மேகம் உட்கார மலையேது? எனக்கு வானம் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்: இவர்கள் என் சரக்கைத் தள்ளப் போகிறார்கள்.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் சூசையின் சுருக்கை உருவினேன். இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, லாரிக்காரன் முடிச்சாக இறுக்கினேன். நனைந்தால் இன்னும் இறுகும் என்று தண்ணீரும் ஊற்றினேன்! ஓட்டத்தில் சரக்கு சரியக் கூடாதென்று கட்டினேனா? இல்லை. அவர்கள் அவிழ்க்கக் கூடாதென்றே கட்டினேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தெற்கே ஒரு கறுப்புக் கோடு... அவ்வளவுதான் தெரிந்தது. அது வந்து அடித்தபோது தோணி ஒருபக்கமாகப் படுத்தது.

"பாயை இறக்குங்கல! சூசை, சரக்க விடு!" என்று தண்டல் கத்தினார்.

சூசை இழுத்தான். மறுபடி இழுத்தான். கட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. 'நான்தான் மாற்றிக் கட்டினேன்' என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கத்தியைக் கடித்துக்கொண்டு பெட்டிகளின் மேல் ஏறினான். அறுத்தான். சரக்கு மொத்தமும் சரிந்தது. அவனும் அதோடு போனான்.

நான் முதலில் எதைப் பார்த்தேன் தெரியுமா? பெட்டிகளை! எத்தனை மிதக்கின்றன என்று பார்த்தேன்... அதற்கப்புறம்தான் அவனைத் தேடினேன்.

பாரம் போனதும் தோணி நிமிர்ந்தது. நான் பிழைத்தேன். பொழுது சாயும்வரை சுற்றிச் சுற்றித் தேடினோம். கிடைக்கவில்லை.

"இழுத்தா அவிழுற கட்டுல்லா... ஏம்ல அவிழல?" தண்டல் தலையில் அடித்துக்கொண்டார்.

"சூசைதானுங்க கடைசியா இறுக்குனாப்ல" என்றேன்.

என்னை யாரும் கேட்காமலே சொன்னேன்!

துக்கம் விசாரிக்க அவன் வீட்டுக்கும் போனேன். அவன் மனைவி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். "நீங்க கூட இருந்தீயளே அண்ணாச்சி... கட்டுல அவுக பிசகுவாகளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

"காத்து அப்படி, சாமி" என்றேன். காப்பியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.

சில வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் சரக்கு ஏற்றத் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். ஒருவன் கட்டிய கயிறு சிக்கிக்கொண்டது. "என்னல, சூசைக்கட்டா போட்டிருக்க?" என்று பக்கத்திலிருந்தவன் அதட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சூசையை அவர்களில் பலர் பார்த்ததுகூட இல்லை. அவிழாத கட்டுக்கெல்லாம் அங்கே இப்போது அதுதான் பேர். அவன் மனைவி மீன் வாங்க வருகிற இடம் அது...

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் எனக்கு எதற்கு? ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் அந்தத் துறைமுகத்துக்குப் போனால் அவர்களிடம் சொல்லுங்கள். சூசை கட்டினால் ஒரே இழுப்பில் அவிழும். அன்று அவிழாதது நான் போட்டது. கடலாள் எவனுக்கும் வராத முடிச்சு அது! என் பேர் செங்கோடன். செங்கோடன் கட்டு என்று சொல்லுங்கள். நான் கட்டியதற்கு என் பேரைப் போடுங்கள்!